எளிய மெட்டு யாருடையது?

2019-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் தேதி இரவு. நியூயார்க் நகரத்தில் மாடிசன் ஸ்கொயர் கார்டன் என்ற பெரிய அரங்கிலே கச்சேரி முடிந்து ஜனங்கள் கலைந்தார்கள். அரங்குக்கு அடியிலேயே ரயில் நிலையம். சுரங்க ரயிலுக்காக நடைமேடையில் காத்து நின்ற கூட்டம் தானாகவே பாட ஆரம்பித்தது. மேடை இல்லை, மைக் இல்லை, மேளம் இல்லை. பாடகியும் அங்கே இல்லை. முன்பின் அறிமுகம் இல்லாதவர்கள் நெருக்கியடித்து நின்றுகொண்டு ஒரே குரலாகப் பாடினார்கள். சிலர் அதைச் செல்போனில் படம் பிடித்தார்கள். அதனால்தான் உலகம் அதைக் கண்டது, நாமும் கண்டோம்.

அவர்கள் பாடியது, ஸ்வீடன் நாட்டுப் பாடகி ராபின், பாட்ரிக் பெர்கர் என்பவரோடு சேர்ந்து எழுதி 2010-இல் வெளியிட்ட 'டான்சிங் ஆன் மை ஓன்' என்ற ஆட்டப் பாட்டு. 'தனியாக ஆடுகிறேன்' என்று பொருள். காதலித்தவன் வேறொருத்தியை முத்தமிடுகிறான். ஒரு பெண் மூலையில் நின்று அதைப் பார்க்கிறாள். பார்த்தபடியே ஆடுகிறாள். கதை அவ்வளவுதான். மெட்டு கதையைவிடச் சிறியது. சில சுரங்களுக்குள்ளேயே ஏறி இறங்குகிறது. சொன்ன இடத்திலேயே மறுபடி வந்து நிற்கிறது. சங்கீதம் படிக்காதவனும் இரண்டாம் தடவை கேட்கும்போது கூடப் பாடிவிடலாம். அந்த நடைமேடையில் நடந்ததும் அதுதான்.

இப்படிப்பட்ட பாட்டைப் பற்றிப் படித்தவர்கள் வட்டாரத்தில் ஒரு நிலையான அபிப்பிராயம் உண்டு. "இதென்ன பாட்டு? நாலு சுரத்தை வைத்துக்கொண்டு நாற்பது பாட்டுப் பண்ணுகிறார்கள். மெட்டு செத்துவிட்டது. யந்திரம் தட்டுகிறது, இளவட்டங்கள் குதிக்கிறார்கள்" என்பது அவர்கள் தீர்ப்பு. நம் தோழர்களிலும் சிலர் இதற்குத் தலையாட்டுகிறார்கள். பஞ்சாலை வாசலில் ஷிப்டு முடிந்து வரும் பையன் காதில் செருகிய கருவியில் இப்படியொரு பாட்டைக் கேட்டுக்கொண்டு வந்தால், "முதலாளித்துவக் குப்பை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். நாமும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவர்கள்தான். ஆகவே இந்த வழக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

குற்றம் சாட்டுகிறவர்கள் கையில் ஆதாரம் இல்லாமல் இல்லை. லண்டன் க்வீன் மேரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாடலின் ஹாமில்டன், மார்கஸ் பியர்ஸ் என்ற இருவர் 2024-இல் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். 1950 முதல் அமெரிக்காவில் ஆண்டுதோறும் முதல் ஐந்து இடங்களைப் பிடித்த பாடல்களை எடுத்து, அவற்றின் குரல் மெட்டை மட்டும் பிரித்துக் கணக்குப் போட்டார்கள். மெட்டின் சிக்கல் குறைந்துகொண்டே வந்திருக்கிறது என்பது அவர்கள் கண்டது. குறிப்பாக 1975-ஐ ஒட்டி ஒரு சரிவு, 2000-ஐ ஒட்டி இன்னொரு சரிவு. முன்னது டிஸ்கோ ஆட்டப் பாட்டு எழுந்த காலம். பின்னது, கணிப்பொறியில் ஓசைத் துண்டைத் திரும்பத் திரும்ப ஒட்டிப் பாட்டுச் செய்யும் முறை பரவிய காலம்.

இந்தக் கணக்கோடு சண்டை போட நமக்கு உத்தேசமில்லை. மெட்டு எளிதாகியிருக்கிறது, வாஸ்தவம். ஆனால் எளிதானதால் கெட்டுப்போனது என்று அந்த ஆராய்ச்சி சொல்லவில்லை. அது படித்தவர்கள் தாமாகச் சேர்த்துக்கொண்ட சரக்கு. ஒரு விநாடிக்குள் விழும் சுரங்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது என்றும் அதே ஆராய்ச்சி சொல்கிறது. மேலும், அளக்கப்பட்டது குரல் மெட்டு மட்டுமே. அதற்கு அடியில் ஓடும் தாளம், ஓசையின் நிறம், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய பத்து இருபது நாதங்கள், இவை அந்தத் தராசில் ஏறவே இல்லை. ஊடு நூலை மட்டும் எண்ணிவிட்டுத் துணியைப் பற்றித் தீர்ப்புச் சொன்னால் நெசவுக்காரர்கள் சிரிக்கமாட்டார்களா?

ஆட்டப் பாட்டில் மெட்டு ஏன் சுருங்குகிறது என்பதற்கு எளிய காரணம் ஒன்று இருக்கிறது. இந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தை ஒட்டி ஓடுகின்றன. நாலு எண்ணும் சுற்றில் நாலு எண்ணுக்கும் பெரிய முரசு விழுகிறது. நிமிடத்துக்கு நூற்றிருபது தடவை உடம்பு அதற்குப் பதில் சொல்ல வேண்டும். மூச்சு வாங்குகிறது, வியர்க்கிறது, பக்கத்தில் இருப்பவன் இடிக்கிறான். அந்த நிலையில் வளைந்து நெளிந்து போகும் நீண்ட மெட்டை யார் பிடிக்க முடியும்? இரண்டு மூச்சுக்குள் அடங்க வேண்டும். தப்பினாலும் அடுத்த சுற்றில் வந்து சேர்ந்துகொள்ள வழி இருக்க வேண்டும்.

ஊர்வலத்துக்குக் கோஷம் எழுதியவர்களுக்கு இது விளங்கும். நாம் எழுதியிருக்கிறோம். பன்னிரண்டு வார்த்தையில் அழகாக, மோனை எதுகையோடு எழுதிக் கொடுத்த கோஷம் ஒன்று மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை. நாலாவது வரிசையில் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பின்னால் வந்த ஒரு தோழர் அதை நாலு வார்த்தையாக வெட்டிக் கொடுத்தார். தெருக்கோடி வரை போயிற்று. வெட்டியவருக்குத் தமிழ் தெரியாது என்று யாராவது சொல்வார்களா?

இந்த எளிமையின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் தொழிற்சாலை வாசலில்தான் போய் நிற்கிறோம். அமெரிக்காவின் டெட்ராய்ட் மோட்டார் தொழிலின் தலைநகர். அங்கே ஃபோர்டு கம்பெனியின் கார் பூட்டும் வரிசையில் வேலை பார்த்தவர் பெரி கோர்டி என்ற கறுப்பு இளைஞர். வரிசையில் நின்று வேலை செய்தபடியே மனதுக்குள் மெட்டுப் போட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். 1959-இல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி ஒரு பாட்டுக் கம்பெனி தொடங்கினார். அதுதான் மோட்டவுன். கார் எப்படி ஒரு கையிலிருந்து மறு கைக்கு நகர்ந்து முழுமை பெறுகிறதோ, அப்படியே பாட்டும் எழுதுபவர், வாசிப்பவர், பாடுபவர் என்று நகர்ந்து வெளியே வந்தது. எதை வெளியிடுவது என்று வாரந்தோறும் கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள். 1965-இல் மார்த்தாவும் வாண்டெல்லாஸ் குழுவும் பாடிய 'நோவேர் டு ரன்' பாட்டுக்கான படத்தை ஃபோர்டு தொழிற்சாலைக்கு உள்ளேயே எடுத்தார்கள். வரிசையில் கார்கள் நகர்கின்றன, தொழிலாளர்கள் பூட்டிக்கொண்டிருக்கிறார்கள், நடுவே மூன்று பெண்கள் பாடிக்கொண்டு போகிறார்கள். கிடைத்தால் தோழர்கள் அதைப் பார்க்க வேண்டும்.

இங்கேயே மறு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பாட்டுகளுக்கெல்லாம் அடித்தளம் போட்ட வாத்தியக்காரர்களுக்கு 'ஃபங்க் பிரதர்ஸ்' என்று பெயர். ஜேம்ஸ் ஜேமர்சன் என்பவர் பாஸ் கிதாரில் வாசித்ததை இன்றும் உலகமெங்கும் இளைஞர்கள் பாடமாகப் பயில்கிறார்கள். ஆனால் 1971 வரை தட்டின் உறையில் இவர்கள் பெயர் அச்சாகவில்லை. 1972-இல் கம்பெனி லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தது. வாத்தியக்காரர்களில் பலர் டெட்ராய்ட்டிலேயே விடப்பட்டார்கள்.

அடுத்து சிகாகோ. இரும்பாலைகளும் ரயில்வேயும் நிறைந்த ஊர். 1977-இல் அங்கே 'வேர்ஹவுஸ்', அதாவது கிடங்கு, என்ற பெயரில் ஓர் ஆட்டக்கூடம் திறந்தார்கள். ஃபிராங்கி நக்கிள்ஸ் என்பவர் தட்டுகளை இணைத்து இணைத்து விடிய விடிய ஓட்டுவார். வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள், லத்தீன் அமெரிக்கர்கள். ஆணை நேசிக்கும் ஆண்கள் என்பதற்காக ஊரார் ஒதுக்கிவைத்தவர்கள். வேறு எங்கும் நிம்மதியாகக் கை கோத்து ஆட முடியாதவர்கள் அங்கே ஆடினார்கள்.

1979 ஜூலை 12 அன்று அதே சிகாகோவில் ஒரு கூத்து நடந்தது. கோமிஸ்கி பார்க் என்ற பேஸ்பால் மைதானத்தில் இரண்டு ஆட்டங்களுக்கு இடையே, வானொலிக்காரர் ஒருவர் ஒரு பெட்டி நிறைய டிஸ்கோ தட்டுகளை வெடி வைத்துத் தகர்த்தார். ஒரு தட்டைக் கொண்டு வந்தால் டிக்கெட் 98 சென்ட்தான். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்தது. இரண்டாவது ஆட்டமே நின்றுபோயிற்று. ஜனங்களை இருக்கையில் அமர்த்தும் வேலையில் அன்று அங்கே இருந்தவர் வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்புச் சிறுவர். கொண்டுவரப்பட்டவற்றில் டிஸ்கோவே அல்லாத, கறுப்பர்கள் பாடிய தட்டுகளும் ஏராளம் என்பதைக் கண்ணால் கண்டதாக அவர் பிற்காலத்தில் சொன்னார். "மட்டமான இசை" என்ற கூச்சலுக்குப் பின்னால் யார்மேல் வெறுப்பு இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அந்தச் சிறுவர் சிந்தசைசர் வாங்கக் கூலியைச் சேர்த்துக்கொண்டிருந்தார். 1984-இல் ஜெஸ்ஸி சாண்டர்ஸ் என்பவரோடு அவர் சேர்ந்து எழுதிய 'ஆன் அண்ட் ஆன்', 'ஹவுஸ்' எனப்படும் ஆட்டப் பாட்டு வகையின் முதல் தட்டுகளில் ஒன்று. ஹவுஸ் என்ற பெயரே அந்தக் கிடங்கின் பெயரிலிருந்து வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஊர் எப்படி இருந்தது? 1980 மார்ச்சில் விஸ்கான்சின் ஸ்டீல் என்ற ஆலை கதவடைத்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வீதிக்கு வந்தார்கள். ஜப்பானிய ரோலண்ட் கம்பெனி செய்த தாள யந்திரமும் பாஸ் யந்திரமும் கடைகளில் விலைபோகாத சரக்காகக் கிடந்து, பழைய விலைக்கு மலிவாக வந்தன. வாத்தியம் படிக்கப் பள்ளியோ பணமோ இல்லாத பிள்ளைகள் அவற்றை வாங்கி, ஒரு விரலால் தட்டிப் பாட்டுச் செய்தார்கள். அந்த மெட்டுகள் எளிமையாகத்தான் இருக்கும்! ஆனால் இன்று உலகத்தின் ஆட்டப் பாட்டெல்லாம் அந்தப் பிள்ளைகள் போட்ட தாளத்தில்தான் நடக்கிறது.

எளிமை என்பது படிக்காதவன் கையில் மட்டும் வருவது என்று நினைத்துவிட வேண்டாம். இதற்கு நேர் எதிரான இடம் ஒன்று இருக்கிறது: ஸ்வீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோம். இன்றைய ஆட்டப் பாட்டின் பெரிய பட்டறை அங்கேதான் இருக்கிறது. மாக்ஸ் மார்ட்டின் என்று எழுதுகிற கார்ல் மார்ட்டின் சாண்ட்பெர்க் 1971-இல் பிறந்தவர். அமெரிக்க வரிசையில் முதலிடத்தைப் பிடித்த பாட்டுகளை எழுதியவர்களில், பீட்டில்ஸின் பால் மக்கார்ட்னிக்கு அடுத்தபடி நிற்பவர் இவர். பிரிட்னி ஸ்பியர்ஸ் 1998-இல் பாடிய முதல் பாட்டிலிருந்து 2019-இல் வீக்எண்ட் என்பவர் பாடிய 'பிளைண்டிங் லைட்ஸ்' வரை இவர் கை இருக்கிறது. இந்தப் பின்னது அமெரிக்காவின் நூறு பாட்டு வரிசையில் 90 வாரம் நின்றது.

இவர் எங்கே படித்தார்? ஸ்வீடனில் 1940-களிலிருந்து ஊராட்சிகள் நடத்திவந்த இசைப் பள்ளியில். உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்கும் வாத்தியம் கையில் கிடைக்க வேண்டும் என்று பொதுப் பணத்தில் வைத்த பள்ளிகள் அவை. மார்ட்டின் அங்கே பயின்றது கொம்பு வாத்தியம். தன் தொழிலுக்கெல்லாம் அந்தப் பொதுப் பள்ளிதான் காரணம் என்று அவர் பகிரங்கமாகவே சொல்லியிருக்கிறார். கிடாரம் நிறைய சங்கீதம் கற்றவர், கரண்டி அளவு மெட்டை எடுத்துப் பரிமாறுகிறார்.

அந்தக் கரண்டியை நிரப்ப எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்று பாருங்கள். ஒரு வரியில் எத்தனை அசையோ, அதற்குப் பதிலாக வரும் வரியிலும் அத்தனை அசை இருக்க வேண்டும். ஓர் அசை கூடினால் வார்த்தையை மாற்றுவார்கள், மெட்டை மாற்றமாட்டார்கள். சரணம் நெருக்கமாக ஓடினால் பல்லவி அகலமாக நிற்கும். சில சமயம் பல்லவியின் மெட்டைச் சரணத்திலேயே தணிந்த குரலில் ஒரு தடவை காட்டிவிடுவார்கள். பல்லவி வரும்போது "இது நமக்குத் தெரிந்ததாயிற்றே" என்று காது எழுந்து உட்காரும். பிரின்ஸ் என்ற அமெரிக்கப் பாடகரின் 1979-ஆம் ஆண்டுப் பாட்டொன்றில் இந்த வித்தையைக் கற்றதாக மார்ட்டின் கூறியிருக்கிறார். ஆங்கிலம் இவர்களுக்குத் தாய்மொழி அல்ல. ஓசை முதலில், அர்த்தம் பிறகு. இதனால் வேடிக்கையும் உண்டு. பிரிட்னி பாடிய அந்த முதல் பாட்டின் பல்லவியில் வரும் ஆங்கிலச் சொல்லுக்குத் 'தொலைபேசியில் கூப்பிடு' என்று பொருள் என எழுதியவர்கள் நினைத்திருந்தார்கள். அமெரிக்கர் காதில் அது 'என்னை அடி' என்று விழுந்தது. மெட்டு அதையும் சுமந்துகொண்டு ஓடிவிட்டது.

ஆகவே எளிய மெட்டு சோம்பேறியின் வேலை என்ற வாதம் நிற்காது. ஆனால் வழக்கு இதோடு முடியவில்லை. இன்னொரு எளிமை இருக்கிறது. அதைப் பற்றித்தான் நாம் கோபப்பட வேண்டும்.

அதே ஸ்டாக்ஹோமில் 2006-இல் தொடங்கிய கம்பெனி ஸ்பாட்டிஃபை. இன்று பாட்டு கேட்பதற்கான உலகத்தின் பெரிய சந்தை அதுதான். அங்கே ஒரு பாட்டை 30 விநாடி கேட்டால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. 29-ஆவது விநாடியில் விரலால் தள்ளிவிட்டால் பாடியவருக்குக் காசு இல்லை. இப்படிப்பட்ட தராசு வந்தபின் பாட்டின் உடம்பு எப்படி மாறும்? பாட்டுக்கு முன்னே வாத்தியம் மட்டும் ஒலிக்கும் முகப்பு 1980-களின் நடுவில் சராசரி 20 விநாடிக்கு மேல் இருந்தது, 2015-இல் ஏறக்குறைய 5 விநாடிக்கு இறங்கிவிட்டது என்று ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வொன்று 2017-இல் கண்டது. சுருக்கம் வானொலிக் காலத்திலேயே தொடங்கியதுதான். சந்தை அதை விரட்டிப் பிடித்தது. பல்லவியைத் தூக்கி முன்னால் வைக்கிறார்கள், இரண்டாவது சரணத்தை வெட்டுகிறார்கள், ஆட்டம் சூடேறும் முன்பே பாட்டை முடிக்கிறார்கள். சிகாகோ கிடங்கில் ஒரே அடியை விடிய விடிய ஓட்டினார்களே, அது ஆடுகிறவன் இருப்பான் என்று நம்பி ஓட்டியது. இது, கேட்கிறவன் ஓடிவிடுவான் என்ற பயத்தில் வெட்டியது. காதுக்கு இரண்டும் எளிமைதான்.

2024-இல் அந்தக் கம்பெனி இன்னொரு விதியும் போட்டது. பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாட்டுக்கு இனி ஒரு காசும் கிடையாது. அந்தச் சில்லறை எல்லாம் சேர்ந்து அதிகம் கேட்கப்படும் பாட்டுகளின் பங்கில் போய்ச் சேரும். வின்ஸ் லாரன்ஸைப் போல ஒருவர் இன்று கூலியைச் சேர்த்து யந்திரம் வாங்கி, எண்ணூறு பேர் கேட்கும் பாட்டைச் செய்தால், அவர் பங்கு பெரிய வீட்டுக்கு நடந்துவிடும். நாற்பது மூட்டைக்குக் கீழே அறுத்தவனுக்கு அளப்பு இல்லை என்று மிராசுதார் சொன்னால் நாம் என்ன பேர் வைப்போம்?

மெட்டு எளிது என்று மூக்கைச் சிந்துகிறவர்களை இந்த விஷயத்தில் காணோம். மெட்டின்மேல் பழி போட்டால் கணக்குப் பிள்ளை தப்பிவிடுகிறான்.

ராபினிடம் திரும்புவோம், அவர் கதையும் இதுதான். 1979-இல் பிறந்தவர். பதினாறு பதினேழு வயதில் பாட வந்து, அதே மாக்ஸ் மார்ட்டின் பட்டறையின் பாட்டுகளைப் பாடி 1997-இல் அமெரிக்க வரிசையில் பத்துக்குள் வந்தவர். 1999-இல் அவர் வெளியிட்ட தொகுப்பில் கருக்கலைப்பு பற்றிய பாட்டுகளும் இருந்தன. மாற்று என்றது அமெரிக்கக் கம்பெனி. அவர் மாற்றவில்லை, தொகுப்பு அமெரிக்காவில் வெளிவரவே இல்லை. 2005-இல் கம்பெனியை விட்டு வெளியேறி, சொந்தமாகச் சிறிய தட்டுக் கம்பெனி ஒன்றை நிறுவிக்கொண்டார். 'டான்சிங் ஆன் மை ஓன்' அந்தச் சிறிய கம்பெனியிலிருந்து வந்தது. பட்டறையில் கற்ற எளிமையை அவர் கைவிடவில்லை. யாருக்காக எளிதாக்குவது என்ற முடிவைத்தான் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

அந்தப் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். அடியில் யந்திரத்தின் பாஸ் ஒலி தொடக்கத்திலேயே துடிக்க ஆரம்பிக்கிறது. அவள் அழுதாலும் அது நிற்பதில்லை, இரங்குவதும் இல்லை. தறி ஓடுகிற கூடத்தில் நின்று வீட்டு நினைப்பில் கண் கலங்கியவர்களுக்கு அந்த ஓட்டம் தெரிந்ததுதான். குரல் அதன் மேலே சின்ன மெட்டைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. மெட்டு அலங்காரமாக வளைந்திருந்தால், பாடகியின் துக்கத்தை நாம் வேடிக்கை பார்த்துவிட்டு வந்திருப்போம். சின்னதாக இருப்பதால் அது கேட்பவன் வாயில் உட்கார்ந்துகொள்கிறது, துக்கமும் அவனுடையதாகிவிடுகிறது.

காலம் ஸ்காட் என்ற ஆங்கிலேய இளைஞர் 2015-இல் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் இதைத் தாளத்தையெல்லாம் கழற்றிவிட்டு, மெதுவாகப் பாடினார். மெட்டு தனியாக நின்றது. அவர் குரலுக்கு டியெஸ்டோ என்ற டச்சுக்காரர் மறுபடி முரசைக் கட்டினார். 2022-இல் பிலடெல்பியா நகரத்துப் பேஸ்பால் குழு, ஜெயித்த நாளெல்லாம் உடை மாற்றும் அறையில் அந்தப் பாட்டைப் போட்டுக்கொண்டு, ஈரத் துண்டும் வியர்வையுமாக உரக்கப் பாடியது. கடைசிப் போட்டியில் ஹூஸ்டனிடம் தோற்றுப்போனார்கள். ஊர் ஜனங்கள் பாட்டை விடவில்லை.